"ஒரே ஒரு வாய்" என்று இனி யார் இலையிலும் வைக்காதீர்கள்

நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

சமீபத்தில் ஒரு மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி சேர்ந்த குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. எதிர் வரிசையில் ஒரு இளம்பெண். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்து 2 மாதம்கூட ஆகவில்லை என்பது மண்டபத்துக்கே தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை இலையைக் கையால் மறைக்க மறைக்க, ஒரு பெரியம்மை கையை விலக்கிவிட்டுச் சோற்றை வைத்தார். "ஒரே ஒரு வாய் தாயி. கல்யாண வீட்ல வேண்டாம்னு சொல்லக் கூடாது."

என் பக்கத்தில் இருந்த உறவுக்காரர் காதோடு சொன்னார்: "வயித்த அறுத்து இளைக்கதெல்லாம் ஒரு இளைப்பா மதினி? வாயக் கட்டத் தெரியாதவங்க போற குறுக்கு வழி. நீங்க நடந்தே இளைக்கலியா?"

நான் சிரித்தேன். தலையும் ஆட்டினேன்.

பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் பக்கம் வேகமாகப் போனாள். அந்த நடையை எனக்குத் தெரியும். ஏனென்றால் அதே நடையை நானும் நடந்திருக்கிறேன்.

ஆமாம். நான் நடந்து இளைக்கவில்லை. 2 வருடம் 3 மாதத்துக்கு முன் அதே வகை அறுவை சிகிச்சையை நானும் செய்துகொண்டேன். வெளியில் "காலையில் நடை, ராத்திரி கம்பங்கூழ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றோடு அந்தப் பொய்யை நிறுத்துகிறேன்.

34 வருடம் கணக்கு நடத்தியவள். கணக்காகவே சொல்கிறேன். அப்போது என் எடை 112 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 46 வரும். நம் இந்திய உடம்புக்கு 25 வந்தாலே உடல் பருமன் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. 14 வருடச் சர்க்கரை. தினமும் இன்சுலின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கும் கருவி. இன்று 78 கிலோ. இன்னும் குண்டுதான். ஆனால் இன்சுலின் இல்லை, முகத்தில் கருவி இல்லை, மாடிப்படி ஏறுகிறேன்.

குறுக்கு வழி என்கிறீர்களே, அந்த வழி எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் என்ற முறை. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. இதில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு அதிகமாக வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக மூடிவிடுவார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட பை, 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாயாகிவிடும். முக்கால் டம்ளர்கூட இல்லை. இன்னொரு முறை பைபாஸ். அதில் மேலே சுமார் 30 மில்லி அளவுக்குச் சின்னப் பை செய்து குடலோடு இணைப்பார்கள். அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1960-களில் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது அது. நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து முதலில் குடித்தது தண்ணீர். இருமல் மருந்து மூடியில் ஊற்றி, ஒரு மூடியை நிதானமாக நேரம் எடுத்து உறிஞ்ச வேண்டும். அந்த முதல் 2 வாரம் நீராகாரம்: மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்த பால். 3, 4-ம் வாரம் மிக்சியில் அடித்த கூழ். 5-ம் வாரம் குழைந்த உணவு. ஏறக்குறைய 2 மாதம் கழித்துத்தான் சாதாரணச் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கொஞ்சம் மாறும். வரிசை மாறாது.

என் முதல் இட்லி 5-ம் வாரத்தில். பாதி இட்லி, 25 நிமிடம். ஒவ்வொரு துண்டையும் கூழாகும்வரை மென்று விழுங்கினேன். மிச்சப் பாதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பசியில்லை, வயிற்றில் இடமும் இல்லை. ஆனால் கைக்கு 59 வருடப் பழக்கம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான். விக்கினால்கூடச் சொம்பை எடுக்கத் தயங்கும் வாழ்க்கை இது.

இதில் பெரிய கணக்கு புரதக் கணக்கு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்றார்கள். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். அப்படியென்றால் 30 இட்லி! வெறும் சோற்றை நம்பினால் அதுவும் அதே கதைதான். அதனால் பருப்பு, பன்னீர், தயிர், சுண்டல், முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டை — இவை முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். நம் பந்தியோ நேர் எதிர். மலைபோல் சோறு, ஓரத்தில் துளி பருப்பு. எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் பிராக்கோலி சூப், கிரேக்கத் தயிர். இளைத்தவர்களின் பழைய படம், புதிய படம் போட்டுத் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்தவர்களுக்கு, பாசிப்பருப்பை எப்படிக் குழைப்பது என்று தமிழில் ஒரு தாள் அச்சடிக்கத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் உறவினர்களின் அறிவுரை நுழைகிறது.

என் வீட்டிலும் நுழைந்தது. 6-ம் வாரம் நெருங்கிய உறவு ஒருவர் கூட்டாஞ்சோறு கொண்டுவந்தார். பாசமாகத்தான். "நாலே நாலு வாய்" என்றார். அவருக்கும் ஆபரேஷன் விஷயம் தெரியாது. குடல் புண் என்று சொல்லி வைத்திருந்தேன். மறுக்க வாய் வரவில்லை. நாலாவது வாயில் நெஞ்சுக்குள் கல் இறங்கியதுபோல் அடைத்தது. பிறகு வாந்தி. மறுநாளும் வாந்தி. அதன்பின் எதைச் சாப்பிட்டாலும், வைட்டமின் மாத்திரை உட்பட, வெளியே வந்தது. 16 நாள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும்! சொன்னால் "அப்பவே நினைச்சோம், இதெல்லாம் தேவையா?" என்பார்களே என்ற வெட்கம்.

பெங்களூரிலிருந்து வந்த மகள்தான் கண்டுபிடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேனாம். பாதம் மரத்துப்போயிருந்தது. அவள் முகம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசியைத்தான் முதலில் ஏற்றினார்கள். தயமின் என்றால் வைட்டமின் பி1. "பி1 குறைந்தால் பெரிபெரி" என்று பக்கத்து வகுப்பில் அறிவியல் டீச்சர் நடத்துவது எத்தனை வருடம் என் காதில் விழுந்திருக்கும்! உடம்பு அதை அதிக நாளுக்குச் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வாந்தி எடுத்தால் தீர்ந்துவிடலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். தாமதித்திருந்தால் நினைவாற்றலே போயிருக்கும் என்றார் டாக்டர். கண் சில நாளில் சரியானது. பாதத்தின் எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கூட்டாஞ்சோறு கொண்டுவந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாந்தியைவிட என்னை அதிகம் கெடுத்தது அந்த 16 நாள் மௌனம். அந்த மௌனத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது "குறுக்கு வழி" என்ற உங்கள் சொல். அதனால்தான் அந்தச் சொல்லோடு சண்டைக்கு வருகிறேன்.

"வாயைக் கட்டினால் போதாதா?" 20 வருடம் கட்டினேன் ஐயா. நாலு முறை 10 கிலோவுக்கு மேல் குறைத்தேன். நாலு முறையும் வட்டியோடு திரும்பி வந்தது. எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியையும் சேர்த்துத்தான். இதயத்துக்கு பைபாஸ் செய்தவரைப் பார்த்து "நெஞ்சை அறுத்துப் பிழைப்பதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று யாராவது கேட்கிறீர்களா?

"பாசத்தில் சொல்வதைத் தப்பாக எடுக்கலாமா?" பாசம் இருக்கட்டும். ஆனால் வேண்டாம் என்று மறைத்த கையை விலக்கிவிட்டு வைக்கிறீர்களே, அது எந்தப் பாசம்? சர்க்கரை நோயாளிக்குப் பாயசம், ரத்த அழுத்தக்காரருக்கு ஊறுகாய், இவருக்குச் சோறு. வைத்தவர் மறந்துபோவார். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது சாப்பிட்டவர்தான்.

"அப்படியானால் பந்திக்கு ஏன் வருகிறீர்கள்?" சொந்தங்களைப் பார்க்கத்தான். எங்கள் இலையில் மூன்று கரண்டிதான் இருக்கும். அது எங்களுக்கு முழுச் சாப்பாடு.

ஆபரேஷன் செய்துகொண்ட, செய்துகொள்ளப்போகிற பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது மந்திரம் கிடையாது. ஆரம்பத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். இரும்புச் சத்து, கால்சியம், பி12 எல்லாம் டாக்டர் சொல்வதுபோல் ஆயுளுக்கும் எடுக்க வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அல்வாவும் குளிர்பானமும் எந்தக் குழாயிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எடையும் திரும்ப ஏறும். பைபாஸ்காரர்களுக்கு இனிப்புச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, மயக்கம் என்று வரலாம். எல்லாவற்றையும்விட முக்கியம்: வாந்தி நிற்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 16 நாள் காத்திருந்த முட்டாள் டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் என் "நடைப்பயிற்சி"யை நம்பி ஒரு வருடம் தினமும் விடிகாலையில் நடந்தார். 3 கிலோ குறைந்தது. "உங்க மனவுறுதி எனக்கு இல்ல டீச்சர்" என்று கண் கலங்கினார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான். பிள்ளைகள் காப்பியடித்தால் பெஞ்சுமேல் ஏற்றியவள், கணக்கைப் போட்ட விதத்தை மறைத்து விடையை மட்டும் காட்டினேன். நேற்று அவர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு காபி போட்டார். "எவ்வளவு ஊத்தட்டும்?" என்று கேட்டார். கால் டம்ளர் என்றேன். கால் டம்ளர்தான் ஊற்றினார்.

பந்தியில் பரிமாறுகிறவர்களும் அவ்வளவு செய்தால் போதும். கேளுங்கள், போதும் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

மறுவீட்டில் பார்த்த அந்தப் பிள்ளைக்கு: அன்றைக்கு உன்னைப் பார்த்து ஊர் சிரித்தபோது நானும் சிரித்தேன். மன்னித்துக்கொள் தாயி. அடுத்த விசேஷத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார். உன் இலையில் கை வைக்க யார் வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அது யார் என்று பின்னூட்டத்தில் தேடாதீர்கள். உணவுப் பட்டியல் கேட்டு இன்பாக்ஸுக்கும் வராதீர்கள். உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.)