ஒன்பதாம் தரத்திலேயே மூடிவிடும் கதவு

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் வாரங்களில் பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மகன் நன்றாகக் கீபோர்ட் வாசிக்கிறான், மகள் மேடையேறினால் கூட்டம் அசையாமல் நிற்கிறது. இசை படிக்க எங்கே அனுப்பலாம்? கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் கசப்பானது. கேள்வி ஐந்து வருடம் பிந்திவிட்டது. ஊவாத் தோட்டத்துப் பிள்ளை எந்த இசைக் கல்லூரிக்குப் போகும் என்பது பத்தொன்பது வயதில் முடிவாவதில்லை. ஒன்பதாம் தரம் முடிந்து சாதாரண தரத்துக்குப் பாடம் பிரிக்கும் அந்த ஒரு வாரத்தில் முடிவாகிறது. அதைப் பிள்ளை முடிவு செய்வதில்லை, பெற்றோரும் செய்வதில்லை. பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது.

ஆறாம் தரம் முதல் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியல் பாடங்களில் ஒன்றைப் பிள்ளை தெரிந்துகொள்ளலாம் என்கிறது பாடத்திட்டம். பாடசாலையில் இருப்பவர் ஒரு சித்திர ஆசிரியர் மட்டும் என்றால் வகுப்பு முழுவதும் சித்திரம் படிக்கும். யாருமே இல்லையென்றால் அந்தப் பாடவேளை மைதானத்தில் கழியும். அப்படி வளர்ந்த பிள்ளை சாதாரண தரத்தில் சங்கீதம் எடுப்பதில்லை; உயர்தரத்தில் அதை எடுக்க நினைத்தாலும் கற்பிக்கும் பாடசாலை பதுளை நகரத்திலோ பண்டாரவளையிலோதான் கிடைக்கும். இசைப் பட்டப்படிப்புக்கு உயர்தரத்தில் எடுத்த பாடமும் இசட் புள்ளியும் செயல்முறைத் தேர்வும் சேர்ந்தே வழி திறக்கின்றன. மூன்றில் முதலாவதே இல்லாதவனிடம் எந்தக் கல்லூரி நல்லது என்று ஆலோசனை சொல்வது வீண்.

ஆகவே இந்தத் தலையங்கத்தின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இசைக் கல்லூரிக்கான வழிகாட்டல் ஒன்பதாம் தரத்தில் தொடங்க வேண்டும். அந்தத் தரத்தில் சங்கீதம் கேட்கும் ஒவ்வொரு தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கும் ஆசிரியரைக் கொடுப்பது ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடமை. ஆளில்லை என்ற பதிலை இனியும் ஏற்க முடியாது.

சரி, பாடமும் புள்ளியும் கைவசம் உள்ள பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. தேயிலைத் தொழில்நுட்பம் உண்டு, விருந்தோம்பல் முகாமைத்துவம் உண்டு, இசை கிடையாது. அதே வருடத்தில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கொழும்பு கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் வட இந்திய இசையும் மேலைத்தேய இசையும் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் வகுப்பறையின் மொழி பெரும்பாலும் சிங்களம். சிங்களம் சரளமாகப் பேசும் பதுளை நகரத்துப் பிள்ளை அங்கே தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மடுல்சீமையின் மேல் டிவிஷன் பிள்ளைக்கு அது பெரும்பாலும் மொழிப் பரீட்சையாகவே முடியும்.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் இருக்கிறது. 1960 இல் இராமநாதன் பெயரில் தொடங்கிய இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்று கர்நாடக இசையில் ஆழமாக இறங்க விரும்புகிறவர்களுக்கு அது ஏற்ற இடம்.

நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது மட்டக்களப்புக் கல்லடி என்பது எமது கருத்து. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. 1947 இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்தரின் பெயர் அதற்கு வெறும் அலங்காரமல்ல: பழந்தமிழ் இசையைக் கணக்கோடும் கருவியோடும் ஆராய்ந்தவர் அவர். அங்கே இசையோடு நாடகமும் அரங்கியலும் நடனமும் கட்புலக் கலைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன. கூத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்த அயல் பெரிய வசதி. தூரமும் குறைவு. பதுளையிலிருந்து பிபிலை வழியாக இறங்கும் வீதி மட்டக்களப்புக்கு அருகே செங்கலடியில் போய் முடிகிறது. அந்த ஊர்க்காரர்கள் அதைப் பதுளை வீதி என்றுதான் சொல்வார்கள். பெண்பிள்ளையைத் தூர அனுப்பத் தயங்கும் வீட்டில் ஒரே பஸ் வீதி என்ற சேதி பல வாக்குவாதங்களைத் தீர்க்கும். அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக்குக் கட்டணமில்லை, தகுதியுள்ளவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் உண்டு. இந்திய உயர்ஸ்தானிகராலயம் 1940களிலிருந்து நடத்திவரும் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். தோட்டத்து வீடுகளில் இதைக் கேள்விப்படாதவர்கள் இன்னும் இருப்பது தொழிற்சங்கங்கள் வெட்கப்பட வேண்டிய விடயம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கல்லடியிலும் மருதனார்மடத்திலும் இசைப் படிப்பின் முதுகெலும்பு கர்நாடக இசை. ஸ்பிரிங்வெலியில் ஒரு தேவாலயத்தில் கீபோர்ட் வாசிப்பவனும், தீபாவளி மேடையில் கிட்டார் பிடிப்பவனும், கைப்பேசியில் தாளம் கட்டிப் பாட்டுச் செய்பவளும் தேடுவது வேறு. சுரக்கோவை, வாத்தியக்குழுவுக்கு எழுதுதல், ஒலிப்பதிவு, ஒலிக்கலவை, பாட்டெழுதுதல், தன் பாட்டின் உரிமையைக் காக்கும் சட்டம் ஆகியவற்றை முழுப் பட்டமாகத் தமிழில் கற்பிக்கும் அரச கற்கைநெறி நாட்டில் இல்லை. இந்த இடைவெளியில்தான் கடைகள் முளைக்கின்றன.

நகரத்தில் அறை எடுத்து, இரண்டு கணினியும் ஒரு மைக்கும் வைத்து, ‘சர்வதேச டிப்ளோமா’ என்று பலகை மாட்டினால் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டணம் இலட்சங்களில் பேசப்படுகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாவைத் தொட்டது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். தீபாவளி முற்பணம், சீட்டுக்காசு, தாயின் தோடு என்று சேர்த்து ஒரு வருடப் படிப்புக்குக் கட்டுகிறார்கள். தனியார் நிறுவனமெல்லாம் மோசமென்று நாம் சொல்லவில்லை. காசு கட்டுமுன் சிலவற்றை நேரில் போய்க் கேட்க வேண்டும். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, பதிவு இலக்கம் என்ன. சான்றிதழ் தேசிய தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம். கற்பிப்பவர் யார், அவர் செய்த இசை எங்கே ஒலித்தது. ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் ஒலிப்பதிவுக் கூடம் கிடைக்கும். போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு இரண்டு மாணவரின் தொலைபேசி எண்களைத் தரத் தயங்குகிற இடத்தில் பத்திரமாகக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

தொலைக்காட்சிப் போட்டிகளும் இன்னொரு மயக்கம். சென்னை அலைவரிசையொன்றின் சிறுவர் பாட்டு மேடையில் 2023 இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி பட்டம் வென்றாள்; அதே மேடையில் புசல்லாவைத் தோட்டத்துச் சிறுமியும் பாடினாள். மலையகம் முழுவதும் தொலைக்காட்சி முன் குந்தியிருந்தது, நாமும்தான். அந்த மகிழ்ச்சி நியாயமானது. அதன் பிறகு, பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பினால் போதும், படிப்பு எதற்கு என்று பேசும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். மேடை ஒரு பருவம். அடுத்த பருவத்துக்கு அடுத்த பிள்ளை வரும்.

இளையராஜாவின் கதை இங்கே பொருந்தும். பண்ணைப்புரத்துச் சிறுவன் பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக வாசிக்கப் போனார். அதோடு நின்றிருந்தால் நல்ல மேடைக் கலைஞர். சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையை எழுதவும் வாசிக்கவும் கற்றார். டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வையும் முடித்தார். காதில் இருந்த நாட்டார் இசைக்கு எழுத்து கிடைத்த பிறகுதான் அவர் வேறாளானார். அந்த டிரினிட்டித் தேர்வும் இலண்டன் றோயல் ஸ்கூல்ஸ் தேர்வும் இலங்கையில் நடக்கின்றன. றோயல் ஸ்கூல்ஸ் 2020 முதல் வாசிப்பைக் காணொளியாகப் பதிந்து அனுப்பும் முறையையும் வைத்திருக்கிறது. ஆறாம் தரத் தேர்வுக்கும் அதற்கு மேலும் போகமுன் ஐந்தாம் தர இசைக் கோட்பாட்டை முடிக்க வேண்டும் என்பது அதன் விதி. நல்ல இணையத் தொடர்பும் வழிகாட்ட ஒரு ஆசிரியரும் இருந்தால் தெமோதரையிலிருந்தே இதைச் செய்யலாம். மேலைத்தேய இசைக் கல்லூரி எதுவானாலும் இந்தச் சான்றிதழுக்கு மதிப்புக் கொடுக்கும். சமகால இசைதான் வேண்டும் என்று நிற்கும் பிள்ளைக்கு எமது ஆலோசனை இதுவே: உயர்தரத்தோடு சேர்த்து இந்தத் தேர்வுகளை முடி, பிறகு வாசலைத் தட்டு.

சென்னை வாசலும் உண்டு. ஏ. ஆர். ரகுமான் 2008 இல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரியில் மேலைத்தேய இசை, இந்துஸ்தானி, இசைத் தொழில்நுட்பம் எல்லாம் இருக்கின்றன. கட்டணமும் தங்குமிடமும் கைக்கடக்கமல்ல. இந்திய அரசின் கலாசாரப் புலமைப்பரிசில்களைத் தேடிப் பிடிக்காமல் அந்தக் கனவை வளர்க்கக் கூடாது. ஆனால் அதே கல்லூரியோடு தொடர்புடைய ரகுமானின் அறக்கட்டளை வறிய பிள்ளைகளுக்கு இலவசமாக வயலினும் செல்லோவும் கற்பித்துச் ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’ என்ற குழுவை உருவாக்கியிருக்கிறது. சேரிப்பிள்ளைக்குச் செல்லோ எதற்கு என்று அங்கே யாரும் கேட்டு நிற்கவில்லை. இங்கே கேட்கிறோம். ‘பாட்டுப் படிச்சி என்னத்தக் கிழிக்கப் போற?’ என்பது லயத்துக்குள் மட்டும் ஒலிக்கும் குரலல்ல, அதிபர் அறையிலும் ஒலிக்கிறது.

இன்னும் கசப்பான ஒன்று. நம் தோட்டங்களின் முதல் வாத்தியம் தப்பு. விடியுமுன் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஆளெழுப்பியதும் அது, மாசியில் காமன் கூத்துக்கு ரதியையும் மன்மதனையும் ஆடவைத்ததும் அது, சாவு வீட்டிலும் அது. கூத்தின் தாளக்கட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர்கள் நமுனுகுலைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தப்பைத் தொடக் கூசுகிறார்கள், ஏனென்றால் அந்தத் தோலின் மீது சாதியை ஏற்றி வைத்தவர்கள் நாம். மீனாட்சியம்மாள் நடேசய்யர் 1930களில் கூட்டங்கள்தோறும் போய்த் தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பாட்டாகப் பாடினார்; 1940 இல் அந்தப் பாடல்கள் நூலாகவும் வந்தன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். அந்தந்தக் காலத்தின் சமகால இசை அது. இன்று ஒரு இசைக் கல்லூரியின் நேர்முகத்துக்குப் போகும் ஊவாப் பிள்ளை, பாடத்திட்டத்திலுள்ள ஒரு கீர்த்தனையோடு, தன் தோட்டத்துத் தப்புத் தாளத்தைக் கீபோர்டில் கட்டிய ஒரு பாட்டையும் கொண்டுபோகட்டும். வேறெந்த மாவட்டத்துப் பிள்ளையிடமும் அது இருக்காது.

கேட்பவை மூன்று வேறு கதவுகளுக்குரியவை. கிழக்குப் பல்கலைக்கழகம் கல்லடியில் தமிழ் மொழிமூலச் சமகால இசைக் கற்கைநெறியொன்றை, முதலில் டிப்ளோமாவாகவேனும், தொடங்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதற்கு ஆளணியும் ஒலிப்பதிவுக் கூடமும் தர வேண்டும். செயல்முறைத் தேர்வுக்குத் தோட்டப் பிள்ளைகளை இரவு பஸ்ஸில் அலைய விடாமல் பதுளையில் ஒரு நிலையம் வைக்க வேண்டும். ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019 இல் முடிந்ததிலிருந்து தேர்ந்த உறுப்பினரிடம் முறையிடும் வழியும் அடைபட்டுப் போனது. ஆகவே ஆசிரியர் நியமனத்துக்கு ஆளுநரும் மாகாணக் கல்விச் செயலாளரும்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பாடசாலைக்கும் தனித்தனி சங்கீத ஆசிரியர் கிடைக்காது என்பது எமக்கும் தெரியும். பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடை வலயங்களில் நாலைந்து பாடசாலைக்கு ஒருவராகச் சுற்றும் ஆசிரியரை நியமிக்கலாம். வாரத்தில் ஒரு முழு நாள் ஒரு பாடசாலை. கல்லடியிலும் மருதனார்மடத்திலும் பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களை இதற்கு எடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரே வேலை. உங்கள் பிள்ளை இப்போது ஒன்பதாம் தரத்தில் இருந்தால், பத்தாம் தரத்துக்குப் பாடம் பிரிக்கும் முன் சங்கீதம் வேண்டுமென்று அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர் இல்லையென்ற பதிலையும் எழுத்திலேயே வாங்கி, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதியோடு அனுப்புங்கள்.