நான்கு மணி நேரம் எதற்கு?

தேக்கா பஃபலோ சாலையில் பூக்கடைகளைத் தாண்டும்போது மல்லிகை மணம் நம்மைத் தேடி வரும். ‘பரவல்’ என்ற பாடத்துக்கு ஆசிரியர்கள் சொல்லும் எடுத்துக்காட்டும் பெரும்பாலும் இதுதான். மண மூலக்கூறுகள் அதிகமாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்குப் பரவும் என்பது சரி. ஆனால் சாலையின் எதிர்ப்பக்கம் வரை மணத்தைச் சுமந்து வருவது பரவல் அல்ல, காற்று.

கணக்குப் போட்டால் தெரியும். துளியும் அசையாத காற்றில் 1 செ.மீ. பரவ ஏறத்தாழ 5 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டருக்கு 500 விநாடியா? இல்லை, ஏறத்தாழ 14 மணி நேரம்! தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. தூரம் நூறு மடங்கானால் நேரம் பத்தாயிரம் மடங்கு. தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவரைப்போல, மூலக்கூறுகள் முட்டி மோதி, முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று திக்கின்றி அலைவதே காரணம். இந்த அலைச்சலை 1905ல் ஐன்ஸ்டைன் கணிதமாக்கினார். செறிவு வேறுபாடு அதிகமாக இருந்தால் பரவல் வேகமாகும், வேறுபாடு குறையக் குறைய வேகமும் குறையும் என்ற விதியை, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1855ல் அடால்ஃப் ஃபிக் வகுத்துவிட்டார். அவர் உடலியல் அறிஞர் என்பது பொருத்தம்தான், ஏனென்றால் நம் உடல் முழுவதும் இந்தக் கணக்கின்படி அமைந்தது.

நீரில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க, கண் சிமிட்டும் நேரம்கூட வேண்டாம். தலையிலிருந்து பாதம் வரை பரவியே போக வேண்டுமென்றால் 20 ஆண்டுகளுக்கு மேலாகும். அதனால்தான் நீண்ட தூரத்துக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது. கடைசிச் சிறு தூரத்தை மட்டும் பரவல் பார்த்துக்கொள்கிறது.

சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் என் பெரியப்பா ஒருநாள் கேட்டார்: “ஏன் தம்பி, மெஷினைக் கொஞ்சம் வேகமா ஓடவிட்டு மூணு மணி நேரத்துல முடிச்சா என்ன?”

கேட்க வேண்டிய கேள்விதான். சுத்திகரிப்புக் குழலுக்குள் முடிபோன்ற மெல்லிய குழாய்கள் ஏறத்தாழ பத்தாயிரம் இருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். வெளியே அதற்கு எதிர்த்திசையில் சுத்திகரிப்புத் திரவம் ஓடும். குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியாக யூரியா, பொட்டாசியம் போன்றவை திரவத்துக்குப் பரவிவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் அதில் நுழைய முடியாது. இப்படிச் சவ்வால் பிரிக்கும் முறைக்கு ‘டயாலிசிஸ்’ என்று 1861ல் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். அதை மனிதரைக் காக்கும் கருவியாக்கியவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப். போர்க்காலத்தில், 1943ல், தொத்திறைச்சி உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயைக் கொண்டே அவர் அதைச் செய்தார்.

பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். உடலில் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். கழிவு அதில் மட்டும் இல்லை. உடலிலுள்ள 40 லிட்டர் அளவு நீரிலும் கலந்திருக்கிறது. இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யச் செய்ய, உயிரணுக்களுக்குள் இருப்பது மெல்ல ரத்தத்துக்கு வர வேண்டும். பாஸ்பேட் போன்றவை வர இன்னும் தாமதமாகும். இயந்திரத்தை விரட்டலாம், உயிரணுவை விரட்ட முடியாது. கூடுதல் நீரை அழுத்தத்தால் வெளியேற்றுகிறார்கள். அதையும் அவசரப்படுத்தினால் ரத்த அழுத்தம் விழும், தசை பிடித்துக்கொள்ளும்.

நலமான சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. இயந்திரத்துக்குக் கிடைப்பது 12 மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைக் குறைப்பது சிறிய விஷயமல்ல.

சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. 2016ல் அரசாங்கம் அதன்மீது போர் அறிவித்தது. இந்தியர்களிடையே அது அதிகம் என்பதும் நாம் அறிந்ததே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் அவை பழுதடைந்து, தடுக்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும். அப்போது வலி இருக்காது, வீக்கமும் தெரியாது, சோதனையில்தான் தெரியும்.

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது, “சிறுநீர்ப் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால், அன்றே சோதித்துவிடலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.