நிலைக்குச் சொன்ன நியாயம் படிக்கு ஆகாது

வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் படிக்கு நாமே மரம் பதிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஆசாரி தொடங்கி அடுத்த வீட்டுக்காரர் வரை ஒரே பதில்தான்: "போட்டா தேக்கு போடுங்க, இல்லன்னா டைல்ஸோட விட்டுடுங்க." இதற்குச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை வாசல் நிலைக்கும் ஜன்னலுக்கும் பொருந்துபவை. படிக்குக் கொண்டுவந்தால் நிற்பதில்லை.

தேக்குதான் ரொம்பக் கெட்டி என்பார்கள். மரத்தின் கடினத்தை அளக்க ஜங்கா என்றொரு சோதனை உண்டு: ஓர் எஃகுக் குண்டைப் பாதி அளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். தேக்குக்குச் சுமார் 1,070 பவுண்டு. பீச், ஆஷ், வெள்ளை ஓக் எல்லாம் 1,300-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கின்றன. ஏளனமாகப் பார்க்கப்படும் ரப்பர் மரம்கூட 960-ஐத் தொடுகிறது. நம் வேங்கையும் தேக்கைவிடக் கனம், கடினம். தேக்கின் பெருமை வேறு: அதன் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கரையான் எளிதில் தொடாது, மழைக்கும் வெயிலுக்கும் அது அசராது. உள்படியில் மழை ஏது? அங்கே எதிரி காலோடு வரும் மணலும் கைதவறி விழும் பாத்திரமும்தான்.

அந்தப் பெருமையும் வைரத்துக்கு மட்டுமே. வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரம், விழுந்த தேக்குப் பலகைக்குத் தேக்கு விலை கொடுப்பது வீண். இளம் மரத்தை அறுத்த பலகையில் வெளிறு நிறையவே இருக்கும்.

"ஒன்றரை இஞ்சாவது கனம் வேண்டும்" என்பதுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. இரும்புச் சட்டத்தில் அந்தரத்தில் நிற்கும் மிதிக்கு அந்தக் கனம் தேவை. அடியில் முழுக்கக் கான்கிரீட் தாங்கும்போது பலகை யாருடைய எடையையும் தனியாகச் சுமக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் 175 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 38 மி.மீ. பலகை பதித்தால் நடுப்படிகளின் உயரம் மாறாது. ஆனால் தரையிலிருந்து ஏறும் முதல் படி 213 ஆகிவிடும், மேல்தளத்தை எட்டும் கடைசிப் படி 137-க்கு இறங்கும். வீட்டுப் படியின் உயரத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 190. விதியை விடுங்கள், இருட்டில் இறங்கும் கால் பழகிய உயரத்தைத்தானே எதிர்பார்க்கும்? 15 மி.மீ. என்றால் முதல் படி 190, கடைசி 160. அதுவும் எனக்கு உவப்பில்லை. மேல்தளம், கீழ்த்தளம் இரண்டிலும் அதே கனத்துக்குத் தரை போட்டால் வித்தியாசமே இராது. மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இந்தக் கனத்தைத்தான்.

தேக்குக் கட்சிக்கு நான் தலையாட்டுவது ஓரிடத்தில்: அது குறைவாகச் சுருங்கும். ஓரடி அகல ஒற்றைப் பலகையாக ஓக்கைப் பதித்தால் ஓரம் தூக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் ஒற்றைப் பலகை யார் கேட்டது? குறுகிய பட்டைகளை இணைத்து ஒட்டிய ரப்பர் மரப் பலகையும், மேலே அசல் மரமும் அடியில் குறுக்கு அடுக்குகளும் கொண்ட எஞ்சினியர்டு பலகையும் இந்தச் சிக்கலுக்காகவே வந்தவை. பின்னதில் மேல் அடுக்கு 3, 4 மி.மீ. இருந்தால் தேய்ந்த பின் உப்புத்தாள் போட்டு மீண்டும் பாலிஷ் ஏற்றலாம்.

இதற்காக மறுபக்கம் சாய்ந்து, சாதாரண பிளைவுட்டே போதும் என்பவர்களையும் நம்ப வேண்டாம். அதன் மேல்தோல் ஒரு மி.மீ.கூட இராது, அதிகம் மிதிபடும் படிமூக்கில்தான் முதலில் தேயும். லேமினேட் பலகை கீறல் தாங்கும், ஆனால் தண்ணீர் புகுந்தால் உப்பும்.

தானே செய்பவருக்குத் தேக்கு சுலபம் என்பதும் பாதிதான் உண்மை. உளிக்கு இணங்கும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா வாயை மழுக்கும். அதன் எண்ணெய்ப் பசையால் ஒட்டும் பசையும் பாலியூரித்தேனும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். தின்னரில் துடைத்து, காய்ந்த கையோடு பூச வேண்டும்.

மொட்டை மாடிக்கும் அதே படிதான் என்றால் கதை மாறும். துவைத்த துணி வாளி தினமும் சொட்டிக்கொண்டே ஏறும், இறங்கும்போது மணலும் வரும். அங்கே ரப்பர் மரம் கறுத்துவிடும், தேக்குக்கே என் ஓட்டு. வேங்கையும் ஆகும். ஆனால் ஈரம் பட்டால் அது சாயம் விடுவதால் அடிப்பக்கத்துக்கும் சேர்த்துப் பூச்சுக் கொடுத்துவிட்டுப் பதியுங்கள்.