என் கடையில் இல்லாத மருந்து

கம்பம் பள்ளத்தாக்கில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். மூட்டுவலிக்காரர் கடைப்படியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் ஏறுவார். வீட்டில் புற்றுநோயாளியை வைத்திருப்பவரின் முகம் வேறு. பல நாள் தூங்காத முகம் அது.

போன வாரம் அந்த முகத்தோடு ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. கைபேசியை நீட்டினான். கஞ்சா எண்ணெய் குடித்து வலி பறந்துபோனதாக வெளிநாட்டுக்காரர் ஒருவர் பேசும் வீடியோ. “அண்ணே, இது நம்ம பக்கம் கிடைக்குமா?”

இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன் இல்லை. கேட்டவர்கள் யாரையும் நான் விரட்டியதும் இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. ஆதரித்தவற்றில் இந்தியாவும் உண்டு. குழந்தைகளின் சில கொடிய வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து பிரித்த சிபிடி என்ற மருந்தை அமெரிக்கா 2018-ல் அனுமதித்தது. ஆக, செடியில் மருந்தே இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் நாள்பட்ட வலிக்கு அது என்ன செய்யும் என்பதில் பேச்சு அதிகம், பலன் குறைவு. நரம்பு வலியில் சிலருக்குக் கொஞ்சம் தணிகிறது. தலைசுற்றலும் மந்தமும் கூடவே வருகின்றன. மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் ஓபியாய்டு எனும் அபினி வகை வலி மாத்திரைகளால் வரும் சாவுகள் சுமார் 25 விழுக்காடு குறைவு என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. உலகமே அதை எடுத்துக் கொண்டாடியது. அதே கணக்கை 2017 வரை நீட்டிப் போட்டுப் பார்த்த இன்னோர் ஆய்வு 2019-ல் வெளியானது. இம்முறை சாவு குறையவில்லை, கூடியிருந்தது. கஞ்சாதான் கொன்றது என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் கணக்கை நம்பிச் சட்டம் எழுதக்கூடாது என்பதுதான் பொருள். இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி எந்த வீடியோவும் பேசுவதில்லை.

அந்தப் பையனின் அப்பாவுக்கு வேண்டியது மார்பின். அபினியிலிருந்து எடுக்கும் பழைய மருந்து, மலிவான மருந்து. என் கடையில் அது ஒருநாளும் இருந்ததில்லை.

என் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்று. கடைசி மாதங்களில் ஒரு மருத்துவமனையில் மார்பின் கேட்டேன். “பழக்கமாயிடும், போதைக்கு அடிமையாயிடுவாங்க” என்றார்கள். இன்னும் சில மாதமே உயிரோடு இருக்கப்போகிறவள் எதற்கு அடிமையாகப் போகிறாள்? அக்கா மகளைக் கோட்டயம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் குமுளி வழியாக அம்மாவைக் கூட்டிப் போனாள். அங்கே நான்கு மணி நேரத்துக்கு ஒரு சின்ன மாத்திரை, மலம் இறுகாமலிருக்க ஒரு மருந்து, குமட்டலுக்கு ஒன்று. மூன்றாம் நாள் அக்கா போனில் பேசினாள்: “தம்பி, நேத்து ராத்திரி தூங்கிட்டேன்டா.” மருந்து விற்றே பிழைக்கிறவன் நான். என் அக்கா தூங்குவதற்கு மலை தாண்ட வேண்டியிருந்தது.

கேரளத்துக்கு அது வானத்திலிருந்து விழவில்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். மற்ற இடங்களில் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. அப்போது ஒரு பாட்டில் வாங்க நாலைந்து உரிமம் வேண்டியிருந்தது. ஒன்று காலாவதியானாலும் வழக்கு வரும் என்ற பயம். இத்தனைக்கும் நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவின் செடிதான் அபினிச் செடி. மத்தியப் பிரதேசத்தின் நீமச் பக்கம் அரசு உரிமத்தோடு அது விளைகிறது. அந்த அபினியில் ஒரு பகுதி மருந்து தயாரிக்க வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஓர் அங்கீகாரமும் போதும். சட்டம் விட்ட பிறகும் மனதிலிருந்து பயம் போகவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேனே. டெம்போ ஓட்டும் ஒருவர், முதுகுவலிக்கு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிய டிரமடால் என்ற ஓபியாய்டு மாத்திரைச் சீட்டை மடித்து மடித்துக் கிழியும்வரை கொண்டுவந்தார். சீட்டு பழசு என்று நான் மறுத்த அன்று அவர் கை நடுங்கியது. 2018-ல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்ததும் ஆட்கள் அதே வகை டேபென்டடாலுக்கு மாறினார்கள். சீட்டே இல்லாமல் அதைக் கேட்டு வரும் இளவட்டங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

அமெரிக்கா தவறியது இந்த இடத்தில்தான். புற்றுநோயாளிக்குக் கொடுத்த தாராளத்தை முதுகுவலிக்கும் கொடுத்தார்கள். 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம், மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்றவர்களில் அடிமையானோர் மிகச் சிலரே என்றது. அதையே வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் பொருத்திக் காட்டினார்கள். 1996-ல் ஆக்ஸிகாண்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது. முதுகு, இடுப்பு, மூட்டு வலியுள்ள 240 முன்னாள் படைவீரர்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2018-ல் வந்தபோது, ஓபியாய்டு சாப்பிட்டவர்கள் சாதாரண மாத்திரைக்காரர்களைவிட நன்றாக நடமாடவில்லை. வலியும் சற்று அதிகமாகவே இருந்தது. டெம்போக்காரருக்கு அந்த மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், பிசியோதெரபி வேண்டும், வண்டியில் நல்ல இருக்கை வேண்டும். ஒரே நாளில் நிறுத்துவதும் கொடுமை.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். படுக்கையில் கிடப்பவரின் புண்ணைச் சுத்தம் செய்கிறார். அந்தப் படுக்கைக்கு மார்பினும் வந்து சேர வேண்டும். தாலுகா அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், பூட்டிய அலமாரியில் மார்பின் மாத்திரை, பக்கத்தில் ஒரு பதிவேடு. நான் கேட்பது இவ்வளவுதான். கஞ்சா ஆராய்ச்சி நடக்கட்டும், நிரூபணமானால் அதுவும் வரட்டும். அதுவரை காத்திருக்க அந்தத் தொண்டைக்கு நேரம் இல்லை.

பையனுக்கு பில்லின் பின்பக்கம் மார்பின் கிடைக்கும் மருத்துவமனையின் பெயரையும் வலி நிவாரணப் பிரிவு இருக்கும் மாடியையும் எழுதிக் கொடுத்தேன். நாற்பது கிலோமீட்டர். படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “பஸ்ல அப்பாவால உக்கார முடியுமாண்ணே?”