வெர்பல்ல கோட்டை விட்டவங்களுக்கு

ஜிஆர்இ-ல குவான்ட் 165, வெர்பல் 146. நம்ம காலேஜ்ல இப்படி ஒரு ஸ்கோரோட சுத்துறவங்க நிறைய பேர். "21 நாள் கழிச்சு மறுபடி எழுதலாமே" என்று உடனே தேதி புக் பண்ணாதீங்க. கட்டணம் இருபதாயிரத்துக்கு மேல, வீட்டுக் காசு.

அதே வேர்ட் லிஸ்ட்டைத் திரும்ப மனப்பாடம் செய்வதும் போதாது. வெர்பலில் 27 கேள்விகள், 41 நிமிடங்கள். அதில் பாதிக்குப் பாதி பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. நமக்கு உதைக்கிற இடமே அதுதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நோட்ஸைத் தவிர நாம எதை முழுசா படிச்சோம்?

தினமும் ஒரு நீளமான ஆங்கிலக் கட்டுரை படிங்க. எழுதினவர் என்ன சொல்றார், எங்கே 'ஆனால்' போட்டுத் திரும்புறார்னு ரெண்டு வரி எழுதுங்க. தமிழ்ல எழுதினாலும் சரி. தப்பான விடை ஏன் சரின்னு தோணுச்சுன்னும் குறிச்சு வைங்க. அந்த நோட்டு நிறைஞ்ச பிறகு தேதி எடுங்க.