பாலர் கல்வியும் ஆசிரியர் அறமும்

மருத்துவர்க்கு ஓர் அறம் உண்டு. வழக்கறிஞர்க்கு ஓர் அறம் உண்டு. அவற்றினின்று வழுவினாரை வினவுதற்கு மன்றங்களும் உண்டு. ஆயின், மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிக்கப் புகுந்தவர்க்குரிய அறம் யாது என்று ஆராய்வார் நம் நாட்டில் மிகச் சிலரே. "சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு அறநூல் வேறு வேண்டுமோ? அன்பிருந்தாற் போதாதோ?" என்பாரே பலர். அன்பு இன்றியமையாதது, ஆயினும் அன்பு மட்டும் போதாது. பாலர்க்குக் கற்பிப்போர் தாமும் நாடோறும் கற்றுவருதலே அவர்தம் அறத்தின் உயிர்நிலை என்பது எமது கருத்து. அதனை ஈண்டுச் சுருக்கமாக உரைப்பாம்.

நோயாளி தன் மருத்துவரை மாற்றிக்கொள்ளலாம். கல்லூரி மாணாக்கர் பாடம் விளங்காவிடின் எழுந்து வினவலாம். அஃது இயலாவிடிற் பின்வரிசையிலமர்ந்து முணுமுணுக்கவேனும் செய்யலாம். குழந்தைக்கோ இவற்றுள் ஒன்றும் இயலாது. தனக்கு நேர்ந்தது தீங்கென்று அறியவும் அதற்கு ஆற்றலில்லை. தன்னைக் கடிந்தவர் பிழைசெய்தார் என்றெண்ணாது, தானே கெட்ட பிள்ளை என்றெண்ணிவிடும். சட்டமும் ஓரளவே துணைசெய்கின்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தைப் புண்படுத்தலையும் விலக்கிற்று. எனினும் அஃது 6 முதல் 14 வயது வரையுள்ளாரைக் கருதியே எழுந்தது. அதற்கு முந்திய வயதினர்க்குப் பள்ளி அமைத்தலை, அரசினர் செய்யலாம் என்ற அளவில் விட்டுவிட்டது. ஆகவே அடைத்த கதவுக்குள், வாயறியாக் குழந்தைகளின் நடுவே நிற்கும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் அவருடைய மனச்சாட்சியே மேலதிகாரியாகின்றது.

மனச்சாட்சியும் அறிவொளி பெறாவிடின் வழிதவறும். இதற்கு உரோமாபுரியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி சான்றாகும். மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டில் அந்நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிற் பாலர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பயிற்சிக் கருவிகளை ஆசிரியை அலமாரியில் வைத்துப் பூட்டி, வேண்டும்போது எடுத்துக் கொடுத்துவந்தார். ஒருநாள் பூட்ட மறந்தவர், மறுநாள் சிறிது காலந்தாழ்த்து வந்தார். வந்து பார்க்க, குழந்தைகள் தாமே கருவிகளை எடுத்துக்கொண்டிருந்தனர். "இது திருட்டுப் புத்தி, கண்டித்துத் திருத்தவேண்டும்" என்று அவர் எண்ணினார். அவர் தீயவரல்லர், ஒழுக்கம் கற்பிக்கவே விரும்பினார். அம்மையாரோ, எப்பொருள் எவ்விடத்ததென்று குழந்தைகள் நன்கறிந்திருந்ததையும், தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்ததையும் கண்டார். அதன்பின் பூட்டிய பெரிய அலமாரி நீங்கி, குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. ஒரே செயல், ஒருவர் கண்ணுக்குக் குற்றமாகவும், மற்றவர் கண்ணுக்கு வளர்ச்சியாகவும் தோன்றிற்று. கற்றறிந்து நோக்கும் கண் இல்லாதிருந்தால், நன்னோக்கமே அக்குழந்தைகளுக்குத் தண்டனையாய் முடிந்திருக்கும்.

நம் ஊர்களில் இன்று நிகழ்வதை நோக்குவோம். மூன்று வயது நிரம்புமுன் எழுதுகோலைக் கையில் திணிக்கின்றோம். அவ்வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளுட் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்பாகவே உள்ளன. விரல்களின் நுண்டசைகளும் பழகியிரா. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதுவித்தது இம்மென்மைக்கு ஏற்ற முறையே; அப்பள்ளிகளின் கோதண்டத்தை மறந்து, மணலையன்றோ நாம் போற்றியிருத்தல் வேண்டும்! மாண்டிசோரி அம்மையாரும் மணற்காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவச்செய்தே குழந்தைகளை எழுத்துக்கு ஆயத்தப்படுத்தினார்.

"எதிர்வீட்டுப் பிள்ளை நூறுவரை எழுதுகின்றது, என் பிள்ளை ஏன் எழுதவில்லை?" என்று பெற்றோர் கேட்பர். இங்கேதான் ஆசிரியரின் அறம் சோதிக்கப்படுகின்றது. பெற்றோரை மகிழ்விக்கும்பொருட்டுக் குழந்தையின் கையைப் பிடித்து ஏட்டை நிரப்பி அனுப்புதல் எளிது. "இதற்கு இன்னுங் காலம் வரவில்லை, இப்போது உம் மகன் களிமண் பிசைவதும் விதைகளைப் பிரித்தடுக்குவதும் எழுத்துக்கு முந்திய கல்வியே" என்று பொறுமையுடன் கூறுதல் அரிது. முன்னதைச் செய்பவர் பெற்றோர்க்கும் உண்மையுடையரல்லர். அமெரிக்க நாட்டின் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கம் 1989-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஒழுக்கநெறித் தொகுப்பு, குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாமையை ஏனைய விதிகளனைத்தினும் மேலானதாக வைத்துள்ளது. பெற்றோர் விருப்பமும் நிர்வாகத்தின் கட்டளையும் அதற்குக் கீழ்ப்பட்டனவேயாகும்.

இன்னும் சில சிறு அறங்கள் உள. ஆடை நனைத்துக்கொண்ட குழந்தையைப் பிறர்முன் நாணச்செய்யாமை ஒன்று. வீட்டுச் சச்சரவைக் குழந்தை வெள்ளையுள்ளத்துடன் கூறின், அதனை ஆசிரியர் அறையிற் பரப்பாமை ஒன்று. அழும் முகத்தையும் ஆடும் கோலத்தையும் பெற்றோர் இசைவின்றிக் கைப்பேசியிற் படம்பிடித்து ஊரறியச் செய்யாமை மற்றொன்று. இவை சிறியன என்று இகழற்க; தன்னை மதிப்பார் உலகில் உண்டு என்னும் நம்பிக்கையைக் குழந்தை இவற்றாலேயே பெறுகின்றது.

இனி, வளர்ச்சியாவது யாது? சான்றிதழ் ஒன்று பெற்று அதனைச் சுவரில் மாட்டுதல் அன்று. மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டிற் சென்னை அடையாற்றுக்கு வந்தபோது அவருக்கு வயது 69. உலகப்போரின் காரணமாக நம் நாட்டிலேயே தங்க நேர்ந்த காலத்தில், அவர் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்ததோடு, கொடைக்கானலிற் குழந்தைகளை மீண்டும் புதிதாக உற்றுநோக்கி வந்தார். அவருடைய 'அப்ஸார்பென்ட் மைண்ட்' என்னும் நூல் 1949-ஆம் ஆண்டிற் சென்னையிலேயே வெளிவந்தது. உலகம் புகழ்ந்த ஆசிரியர் எழுபது வயதுக்கு மேலும் குழந்தையினிடம் கற்றார் எனின், பத்தாண்டுப் பழக்கமுடைய நாம் "எமக்கு எல்லாம் தெரியும்" என்றல் தகுமோ? நாள்முடிவிற் கால்மணி நேரம் அமர்ந்து, இன்று எக்குழந்தையைக் கவனியாது விட்டேன், எதனைத் தவறாக எண்ணினேன் என்று குறித்துவைத்தல் வேண்டும். செலவில்லாத பயிற்சி இஃது.

"அறத்தைப் பேசுகின்றீர், ஊதியத்தைப் பேசவில்லையே" என்று கேட்பின், அக்கேள்வி நேரியதே. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் 'கௌரவப் பணியாளர்' என்றே வகுக்கப்பட்டனர். குழந்தையை நிறுத்து எடை குறித்து, உணவளித்து, பதிவேடெழுதி, எஞ்சிய நேரத்திற் பாட்டும் கதையும் கற்பிக்கும் இவர்களும் பணிக்கொடைக்கு உரியர் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022-ஆம் ஆண்டிலேதான். கௌரவம் என்னும் சொல்லைக் கொடுத்துக் கூலியைக் குறைத்த சமூகம், ஆசிரியரிடம் மட்டும் அறத்தை நிறைவாகக் கேட்பது முறையன்று. கற்பதற்கு ஓய்வும், கவலையின்றி வாழ்வதற்கு ஊதியமும் தருதல் நமது கடமை. ஆயினும் ஊதியம் உயரும்வரை குழந்தை வளராது காத்திருக்குமோ? ஆகவே இரண்டையும் ஒருங்கே வேண்டுவோம்.

நம் கல்லூரியிற் பட்டம் பெறுவோர், கல்லூரி ஆசிரியராதலைப் பெருமையென்றும், பாலர் பள்ளி ஆசிரியராதலை வேறு வழியின்மை என்றும் கருதுதல் கண்கூடு. மேல்மாடத்தைக் கட்டுவோனுக்கு மாலையும் அடித்தளம் இடுவோனுக்கு ஏளனமும் அளிக்கும் வீடு நிலைக்குமோ? சிறியரில் ஒருவர்க்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்ற பெருமானின் பெயரால் நிற்கும் கல்லூரி இது. இங்குக் கற்றாருட் சிலரேனும் தம் அறிவனைத்தையும் கொண்டு தரையிற் பாய் விரித்து அக்குழந்தைகளோடு அமர முன்வருவாராக! அவர்களுக்குக் கற்பிக்கவும், அவர்களிடம் கற்கவும் அவ்விடம் பொருந்தியதாகும்.