மன்னிப்பு யாரிடம்?

மனைவியின் வீட்டுக்குப் போகக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, தொலைபேசியில்கூட அழைக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஒருவனுக்கு உத்தரவிடுகிறது. மறுவாரமே அவன் அவள் வாசலில் வந்து நிற்கிறான். அவன் செய்த குற்றம் என்ன? நீதிமன்றத்தை அவமதித்ததா, ஒரு பெண்ணை அச்சுறுத்தியதா?

நம் நாட்டுச் சட்டம் இதற்கு இரண்டு பதில்கள் வைத்திருக்கிறது.

பழைய பதில், அவமதிப்பு. குடும்ப நீதிமன்றம் தந்த தடையாணையை மீறினால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 2ஏ-யின் கீழ் அவள் மனுப் போடலாம். அவன் சொத்தை முடக்கலாம். அதிகபட்சம் 3 மாதம் உரிமையியல் சிறையில் வைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்குத் தொடுத்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். வேண்டுமென்றே மீறினான் என்று காட்டும் சுமை அவள் தலையில். வக்கீல் செலவும் வாய்தாவுக்கு அலைச்சலும் அவளுக்குத்தான். கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்டு, நீதிமன்றம் அதில் நிறைவடைந்தால் தண்டனையே இல்லாமல் போகலாம். அந்த மன்னிப்பும் நீதிபதியிடம்தான். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியவளிடம் யாரும் கேட்கவில்லை.

புதிய பதில், பெண்கள் இயக்கங்கள் போராடிப் பெற்ற 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு ஆணையை மீறுவதே குற்றம் என்கிறது இதன் 31ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்கிறது 32ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்தை மட்டுமே வைத்தும் நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

ஆனால் இங்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. 31ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பாதுகாப்பு ஆணையையும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையும் மட்டுமே. ஜீவனாம்ச ஆணையை மீறுவது இந்தப் பிரிவில் வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. பொருளாதார வன்முறையும் குடும்ப வன்முறையே என்று இதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறதே! கையை ஓங்கினால் குற்றம், அடுப்பை அணைத்தால் வெறும் பாக்கி வசூலா?

சிறைக்கு அனுப்பினால் குடும்பம் உடையும் என்பார்கள். உடைந்த பிறகுதானே அவள் நீதிமன்றப் படியேறினாள்? ஆணையை மீறுபவன் காப்பாற்றப் பார்ப்பது குடும்பத்தை இல்லை, தன் அதிகாரத்தை.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. உறைவிடம், ஜீவனாம்சம், குழந்தை பொறுப்பு என இந்தச் சட்டத்தின் கீழ் வரும் எந்த ஆணையை மீறினாலும் அது 31ஆம் பிரிவின் குற்றமாக வேண்டும். சட்டம் திருத்தப்படும்வரை கையில் இருப்பதை விடாமல் பயன்படுத்துவோம். ஆணையின் நகலை அவளுக்கு இலவசமாகத் தர வேண்டும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. அதைக் கேட்டு வாங்குங்கள். “குடும்ப விஷயம், பேசி முடிச்சுக்கங்க” என்று காவல் நிலையத்தில் சொன்னால், 32ஆம் பிரிவை வாசித்துக் காட்டுங்கள். பேசி முடிக்கிற கட்டம் ஆணை பிறந்த அன்றே முடிந்துவிட்டது.